சாவுக்கும் கடைசி நாளுக்கும் நடுவே

இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன், தன்னை நினைத்துக்கொள்ளும்படி அவரிடம் கேட்கிறான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வருகிறது. இது லூக்கா சுவிசேஷத்தில். யோவான் சுவிசேஷத்தில் வேறொரு காட்சி. லாசரு இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. உன் சகோதரன் உயிர்த்தெழுவான் என்று இயேசு சொல்ல, கடைசி நாளில் எழுந்திருப்பான் என்று எனக்குத் தெரியும் என்கிறாள் மார்த்தாள். அங்கே இன்றைக்கே. இங்கே கடைசி நாளில்.

கிறிஸ்தவ அடக்க ஆராதனையைக் கவனித்துக் கேட்டால் இந்த இரண்டு பதிலும் அடுத்தடுத்து வரும். இறந்தவர் இப்போது ஆண்டவருடைய சமுகத்தில் இளைப்பாறுகிறார் என்பார் போதகர். கொஞ்ச நேரம் கழித்து, குழியருகே நின்று, எக்காளம் தொனிக்கும் நாளில் இவர் எழுந்திருப்பார் என்று ஜெபிப்பார். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர் மறுபடி எதற்காக எழ வேண்டும்? துக்க வீட்டில் யாரும் இதைக் கேட்பதில்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளாக இறையியலாளர்கள் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். உத்தரிக்கும் ஸ்தலம் (மோட்சம் சேருமுன் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் நிலை), இறந்தோருக்கான ஜெபம், ஆத்தும நித்திரை (கடைசி நாள்வரை ஆத்துமா உறங்குகிறது என்ற கருத்து) என்று சபைகளைப் பிரித்த பல விஷயங்கள், ஒருவரின் சாவுக்கும் உலகத்தின் கடைசி நாளுக்கும் நடுவே கிடக்கும் இந்த இடைவெளியை யார் எப்படி நிரப்பினார்கள் என்பதிலிருந்து வந்தவை.

இந்த நம்பிக்கை எங்கே தொடங்கியது என்று முதலில் பார்த்துவிடலாம். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில், இறந்தவர்களைத் தரம் பிரித்து அனுப்பும் மோட்சமோ நரகமோ கிடையாது. நல்லவனும் கெட்டவனும் ஒரே பாதாளத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே துதியும் இல்லை, தண்டனையும் இல்லை. மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள் என்று பிரசங்கி 9ஆம் அதிகாரம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுகிறது. நீதிமானுக்கு நீண்ட ஆயுளும் பிள்ளைகுட்டியும், துன்மார்க்கனுக்குக் கேடும் இந்த உலகத்திலேயே கிடைத்துவிடும் என்பது அந்தக் காலத்துப் பொதுவான எண்ணம். யோபு போன்றவர்கள் அதை எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள் என்பது தனிக்கதை.

கி.மு. 167 வாக்கில் அந்தக் கணக்கு அடியோடு பொய்த்துப்போனது. சிரியாவிலிருந்து ஆண்ட நான்காம் அந்தியோகஸ், எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, யூத மார்க்கத்தின்படி வாழ்வதையே குற்றமாக்கினான். கடவுளின் கட்டளையைக் கைவிட மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கடவுளுக்கு உண்மையாக இருந்த ஒரே காரணத்துக்காக இளம் வயதில் சாகிறவனுக்கு என்ன நியாயம்? பூமியின் தூளில் நித்திரை செய்கிறவர்கள் விழிப்பார்கள், சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய நிந்தைக்கும் என்ற தானியேல் 12ஆம் அதிகாரத்தின் வரிகளைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்தக் காலத்தவை என்றே கருதுகிறார்கள். இரண்டாம் மக்கபேயர் நூல் இன்னும் நேரடியாகச் சொல்கிறது. சித்திரவதை செய்யப்படும் ஏழு சகோதரர்களில் மூன்றாமவன் தன் கைகளை நீட்டி, இவற்றை வானிலிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். ஆத்துமா தப்பித்துப் போய்விடும் என்று அவன் ஆறுதல் தேடவில்லை. வெட்டப்படுகிற அதே கைகளைக் கேட்கிறான். அநியாயம் உடலுக்கு நடந்தது, ஆகவே நியாயமும் உடலுக்கு வர வேண்டும். கிறிஸ்தவம் கடைசிவரை உடலை விட்டுக்கொடுக்காததற்கு வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இயேசுவின் காலத்தில்கூட யூதர்கள் எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆலயத்தைக் கையில் வைத்திருந்த சதுசேயர் உயிர்த்தெழுதலே இல்லை என்றார்கள். இன்னொரு யூதப் பிரிவான பரிசேயர் உண்டு என்றார்கள். மற்ற விஷயங்களில் பரிசேயரோடு எவ்வளவு மோதினாலும், இதில் இயேசு அவர்கள் பக்கம்தான், பவுலும் அப்படியே.

அப்புறம் இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற செய்தி பரவியது. அவருடைய சீஷர்களைப் பொறுத்தவரை கடைசி நாள் தொடங்கியே விட்டது. முதல் ஆள் எழுந்தாயிற்று, மற்றவர்களும் சீக்கிரம் எழுவார்கள் என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு எவ்வளவு தீவிரமானது என்பதற்கு ஏறக்குறைய கி.பி. 50இல் எழுதப்பட்ட முதலாம் தெசலோனிக்கேயர் நிருபமே சாட்சி. புதிய ஏற்பாட்டு நூல்களில் இதுதான் மிகப் பழையது என்பது பலருடைய கணிப்பு. தெசலோனிக்கேயில் விசுவாசிகள் சிலர் இறந்துவிட்டார்கள். ஆண்டவர் வருவதற்குள் செத்துப்போனார்களே, அவர்களுக்கு இனி என்ன கதி என்று சபையே கலங்குகிறது. ஒரு சபை இப்படிக் கலங்க வேண்டும் என்றால், தாங்கள் சாகவே மாட்டோம் என்று அவர்கள் கிட்டத்தட்ட நம்பியிருக்க வேண்டும். பவுல் சமாதானம் சொல்கிறார்: கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலில் எழுவார்கள், பின்பு உயிரோடிருக்கும் நாமும் அவர்களோடு மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்பட்டு ஆண்டவருக்கு எதிர்கொண்டு போவோம். உயிரோடிருக்கும் 'நாம்' என்கிறார். தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதுபோலத்தான் தெரிகிறது.

அந்தத் தலைமுறை போனது. அடுத்ததும் போனது. கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல இருக்கிறது என்று இரண்டாம் பேதுரு நிருபம் பொறுமை சொல்ல வேண்டிவந்தது. காத்திருப்பு நீள நீள, அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத கேள்வி முன்னுக்கு வந்தது. செத்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

தெர்த்துல்லியன் போன்ற பழைய சபை ஆசிரியர்கள் சொன்ன பதில் கறாரானது. இரத்தசாட்சிகள் நேரே பரதீசுக்குப் போவார்கள். மற்ற எல்லோரும் பாதாளத்தில் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பின் வந்த ஆயர் அகுஸ்தீன், சிலர் சாவுக்குப் பின் ஒருவகை அக்கினியால் சுத்திகரிக்கப்படலாம், அது நம்பமுடியாத விஷயம் ஒன்றும் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உறுதியான வரைபடம் யாரிடமும் இல்லை. ஆனால் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் மட்டும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஜெபம் முதலில், விளக்கம் பிறகு. சபை வரலாற்றில் இப்படி நடப்பது புதிதல்ல.

விளக்கம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைக் காட்டப் போப்பாண்டவர் 22ஆம் யோவானின் கதை ஒன்றே போதும். 1331ஆம் ஆண்டு சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, அந்நாளில் போப்புகள் தங்கியிருந்த அவிஞ்ஞோனில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். புனிதர்களின் ஆத்துமாக்கள் இப்போது கிறிஸ்துவின் மனிதத்தன்மையின் நிழலில் இளைப்பாறுகின்றன. கடவுளை முகமுகமாகத் தரிசிப்பது உயிர்த்தெழுதலுக்கும் கடைசித் தீர்ப்புக்கும் பிறகுதான் என்றார். வெளிப்படுத்தின விசேஷத்தில் பலிபீடத்தின் கீழ் காத்திருக்கும் ஆத்துமாக்கள்தான் அவருக்கு ஆதாரம். பழைய ஆசிரியர்களில் அவருக்குத் துணையும் இருந்தது. ஆனாலும் பெரிய கலவரமாகிவிட்டது. புனிதர்களே இன்னும் கடவுளைக் காணவில்லை என்றால், அவர்களிடம் பரிந்துபேசக் கேட்கும் ஜெபமெல்லாம் என்னவாகும்? போப்போடு ஏற்கெனவே பகையாயிருந்த ஒக்காம் வில்லியம் போன்ற பிரான்சிஸ்கத் துறவிகள் அவரைப் பதிதர், அதாவது தவறான போதனை செய்பவர், என்றே எழுதினார்கள். பிரான்ஸ் மன்னர் ஆறாம் பிலிப், பாரீஸ் இறையியலாளர்களைக் கூட்டி எதிர்க் கருத்து வாங்கினார். போப் இது தன் சொந்தக் கருத்துதான் என்றார். கடைசியில் 1334 டிசம்பரில் மரணப் படுக்கையில் அதையும் விட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்த 12ஆம் ஆசீர்வாதப்பர் 1336இல் ஆணை வெளியிட்டு விஷயத்தை முடித்தார்: சுத்திகரிக்கப்பட வேண்டியது எதுவும் இல்லாத ஆத்துமா, கடைசித் தீர்ப்புக்கு முன்பே கடவுளை நேரே தரிசிக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் தனித்தீர்வை, பொதுத்தீர்வை என்று இரண்டு தீர்ப்புகளைச் சொல்வார்களே, அந்த அமைப்பு இப்படித்தான் இறுகியது. சாகும் கணத்திலேயே ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை. உலக முடிவில் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுத்தீர்வை. இரண்டாவது முதலாவதை மாற்றாது. எல்லோர் முன்னிலும் வெளிப்படுத்தும், உடலையும் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தனிமனிதனின் முடிவு சாவிலேயே தெரிந்துவிட்டால், கடைசி நாளுக்கு வேலை குறைந்துவிடுகிறது. மேற்கத்திய பக்தி மெதுவாக உலகத்தின் கடைசியை மறந்து, 'நான் செத்தால் எங்கே போவேன்' என்ற ஒற்றைக் கேள்வியில் போய் நின்றதற்கு இது பெரிய காரணம்.

உத்தரிக்கும் ஸ்தலத்தைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு: மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு முடிவிடம் என்று. கத்தோலிக்கப் போதனை அதுவல்ல. அங்கே போகிற எல்லோரும் மீட்கப்பட்டவர்கள்தான். அத்தனை பேரும் மோட்சத்துக்குத்தான் போய்ச் சேருவார்கள். சங்கங்கள் எனப்படும் திருச்சபைப் பேரவைகளில், 1274இல் லியோன் சங்கமும், 1439இல் பிளாரன்ஸ் சங்கமும் இதை வரையறுத்தன. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் தரப்பில் எபேசு பேராயர் மாற்கு இதை ஏற்க மறுத்து, இரு சபைகளையும் இணைக்கவிருந்த பிளாரன்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை. இத்தனைக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையில் இறந்தவர்களுக்கான ஜெபத்துக்குக் குறைவே கிடையாது. மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள் என்று முறை வைத்து ஜெபிப்பார்கள். ஜெபிக்கிறோம், அது உதவும், எப்படி உதவும் என்று கணக்குப் பார்ப்பது நம் வேலையல்ல என்பது அவர்கள் போக்கு. எனக்கு அதில் ஒரு விவேகம் தெரிகிறது.

மேற்கில் கணக்குப் பார்த்தார்கள், அதுதான் வினையாகப் போனது. ஆத்துமாக்களின் தண்டனையைக் குறைக்கும் பலன்கள் காசுக்குக் கைமாறின. 1517இல் ஜெர்மன் துறவி லூத்தர் இதை எதிர்த்து எழுதிய 95 வாதங்களில் 82ஆவது ஒரு கேள்வி: பணத்துக்காக இத்தனை ஆத்துமாக்களை விடுவிக்கிற போப், அன்பின் நிமித்தம் உத்தரிக்கும் ஸ்தலத்தையே ஏன் காலிசெய்துவிடக் கூடாது? சாதாரண ஜனங்கள் கேட்கிற கேள்வி இது என்று சொல்லித்தான் லூத்தர் அதை எழுதுகிறார். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் போதனையை உறுதிசெய்தபோது, வீண் ஆர்வத்தையும் மூடநம்பிக்கையையும் ஆதாய நோக்கையும் ஆயர்கள் தடுக்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னது.

கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர்கள் உத்தரிக்கும் ஸ்தலத்தை எடுத்துவிட்டார்கள். இறந்தவர்களுக்காகப் பாவநிவாரண பலி கொடுப்பதைச் சொல்லும் இரண்டாம் மக்கபேயர் நூலை அவர்கள் வேதத்தின் பகுதியாக ஏற்கவில்லை, ஆகவே அந்த ஆதாரமும் போயிற்று. ஆனால் இடைவெளி போகவில்லையே! லூத்தர் பல இடங்களில் சாவை ஆழ்ந்த உறக்கமாகப் பேசினார். கண்ணை மூடியவனுக்கு அடுத்த கணமே எக்காளச் சத்தம்தான் கேட்கும், நடுவில் ஆயிரம் வருஷம் போயிருந்தாலும் அவனுக்குத் தெரியாது. இன்னொரு சீர்திருத்தக்காரரான கால்வினுக்கு இது பிடிக்கவில்லை. ஆத்துமா விழிப்போடுதான் இருக்கிறது என்று நிறுவ 1534இலேயே ஒரு நூல் எழுதினார். அது அவருடைய முதல் இறையியல் நூல். பிற்காலத்துச் சீர்திருத்த சபைகள் பெரும்பாலும் கால்வின் வழியையே பிடித்துக்கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் ஆத்தும நித்திரையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இடைவெளியில் என்ன நடக்கிறது என்பது ஒரு சண்டை என்றால், அது எப்போது முடியும் என்பது இன்னொன்று. வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் சாத்தான் ஆயிரம் வருஷம் கட்டிவைக்கப்படுகிறான், கிறிஸ்துவோடு பரிசுத்தவான்கள் அரசாளுகிறார்கள். ஏழெட்டு வசனங்கள்தான். இரண்டாம் நூற்றாண்டுச் சபை ஆசிரியர்களான யுஸ்தினும் இரேனியுவும் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, எருசலேமில் நடக்கப்போகும் நிஜமான அரசாட்சி என்றார்கள். அகுஸ்தீன், இது இப்போது சபையின் மூலம் நடந்துகொண்டிருக்கும் ஆட்சிதான், ஆயிரம் என்பது நிறைவைக் குறிக்கும் எண் என்றார். அந்த விளக்கம் மேற்கில் நிலைத்துவிட்டது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸாரும் லூத்தரன்களும் இன்றும் பூமியில் தனியாக ஓர் ஆயிரம் வருட அரசாட்சியை எதிர்பார்ப்பதில்லை.

இன்று பலர் கிறிஸ்தவர்களின் கடைசிக்காலப் போதனை என்றாலே நினைப்பது வேறொரு வரிசையை: விசுவாசிகள் திடீரென்று மறைவது, ஏழு வருட உபத்திரவம், கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்து, அர்மகெதோன் என்ற கடைசி யுத்தம், பிறகு ஆயிரம் வருட அரசாட்சி. இதில் உள்ள தனித்தனித் துண்டுகள் பழையவை. ஆனால் சபை உபத்திரவத்துக்கு முன்பே இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்று கோத்த வரிசை, அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையை விட்டு வெளியேறிய ஜான் நெல்சன் டார்பி 1830களிலிருந்து பரப்பியது. 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. வசனம் மேலே, விளக்கம் அதே பக்கத்தின் கீழே. படிக்கிறவர்களுக்கு எது பவுல் சொன்னது, எது ஸ்கோஃபீல்டு சொன்னது என்று நாளடைவில் மறந்துபோனது. 1948இல் இஸ்ரேல் நாடு உருவானதும் தீர்க்கதரிசனம் நிறைவேறிவிட்டது என்று அந்த வட்டாரங்கள் இன்னும் சூடுபிடித்தன. தெசலோனிக்கேயர் வசனத்துக்கு நான்காம் நூற்றாண்டில் கிரேக்க ஆயர் கிறிசோஸ்தோம் சொன்ன விளக்கம் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. ராஜா ஊருக்குள் வரும்போது மதிப்புள்ளவர்கள் வெளியே போய் எதிர்கொள்வார்கள், குற்றவாளிகள் உள்ளேயே நீதிபதிக்காகக் காத்திருப்பார்கள் என்கிறார் அவர். எதிர்கொள்ளப் போனவர்கள் ராஜாவோடு ஊருக்குள்தான் திரும்புவார்கள்; ஊரை விட்டு ஓடிப்போவதில்லை.

தேதி குறித்தவர்களில் அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லரைச் சொல்லாமல் விட முடியாது. தானியேல் 8ஆம் அதிகாரத்தின் 2300 நாட்களை வருஷங்களாக எடுத்துக்கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணினார். கழித்தால் 1843. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய வருஷம் இல்லை என்பதால் ஒன்று கூட்ட வேண்டும், 1844. அவரைப் பின்பற்றியவர்கள் அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள் உண்டு. (வெள்ளை அங்கி உடுத்திக் குன்றேறிக் காத்திருந்தார்கள் என்ற கதையை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.) நாள் வந்தது, போனது. சிலர் வெறுத்து விலகினார்கள். சிலர் தேதி சரிதான், நிகழ்ச்சியைத்தான் தவறாகப் புரிந்துகொண்டோம், அன்று கிறிஸ்து பரலோக ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனார் என்றார்கள். அவர்களிலிருந்துதான் 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை முறையாக அமைந்தது. அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் 2011 மே 21 என்று அமெரிக்கப் போதகர் ஹெரால்டு கேம்பிங் வானொலியில் அறிவித்தபோது நம்ப ஆள் இருந்தது.

நரகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முடிவில்லாத தண்டனை என்பதுதான் பெரும்பான்மைச் சபைகளின் போதனை. ஆனால் ஓரிகன் என்ற இறையியலாளர் மூன்றாம் நூற்றாண்டிலேயே கடைசியில் எல்லாமே கடவுளிடம் மீளும் என்ற நம்பிக்கையைப் பேசினார். 553இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் அவரைச் சபித்தது. ஏறக்குறைய அதையே பேசிய ஆயர் நீசா கிரகோரியோ புனிதராகவே இருக்கிறார். துன்மார்க்கர் என்றென்றும் வாதிக்கப்படாமல் அடியோடு இல்லாமல் போவார்கள் என்று அட்வென்டிஸ்டுகள் நம்புகிறார்கள். 1988இல் ஆங்கிலேய சுவிசேஷகர் ஜான் ஸ்டாட்டும் அந்தப் பக்கம் சாய்ந்தது சுவிசேஷ வட்டாரத்தில் அதிர்ச்சியாக இருந்தது. நரகம் ஓர் இடம் என்பதைவிடக் கடவுளைவிட்டுப் பிரிந்த நிலை என்று 1999இல் போப் இரண்டாம் ஜான் பால் போதித்தார்.

இத்தனை வேறுபாடுகளுக்கும் அப்பால், எல்லாப் பெரிய சபைகளின் விசுவாசப் பிரமாணத்திலும் கடைசியில் நிற்பது மரித்தோர் உயிர்த்தெழுதல்தான். ஆத்துமா மோட்சம் சேரும் என்று நிசேயா பிரமாணம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவிலும் மனிதர்கள் மேலே போவதாக இல்லை. புதிய எருசலேம் கீழே இறங்கிவருகிறது. அதன் நீளமும் அகலமும் உயரமும் பன்னிரண்டாயிரம் ஸ்தாதி, நம் கணக்கில் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர்.

சரி, எந்த உடல் எழும்? அகுஸ்தீன் இதை விளையாட்டாக விடவில்லை. பஞ்சத்தில் ஒருவன் இன்னொருவனின் மாமிசத்தைத் தின்றிருந்தால், கடைசி நாளில் அது யாருக்குச் சேரும் என்ற கேள்வியை எடுத்து, முதலில் யாருடையதோ அவருக்கே என்று தீர்ப்புச் சொல்கிறார். குழந்தையாக இறந்தவர்கள் கிறிஸ்துவின் வயதை ஒட்டிய முழு வளர்ச்சியோடு எழுவார்கள் என்கிறார். வெட்டிப்போட்ட முடி, நகம் பற்றியும் யோசிக்கிறார். சிரிப்பு வரலாம். ஆனால் உடல்தான் எழும் என்று நம்பிவிட்டால் இந்தக் கேள்விகளிலிருந்து தப்ப வழியில்லை.

அதே கேள்வி இன்று தகனத்தின் வழியாக வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1963வரை தகனத்தைத் தடைசெய்திருந்தது. அனுமதித்த பிறகும், சாம்பலைத் தூவக் கூடாது, பிரிக்கக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது என்று 2016இல் வத்திக்கான் கறாராக எழுதியது. 2023 டிசம்பரில் வந்த குறிப்பு கொஞ்சம் தளர்த்தியது: இறந்தவருக்கு முக்கியமாயிருந்த ஓர் இடத்தில் சாம்பலின் சிறு பகுதியை வைப்பதை, சில நிபந்தனைகளோடு, சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம். உயிர்த்தெழும் உடல், இறப்பதற்கு முன் இருந்த அதே மூலப்பொருட்களால்தான் ஆனதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அந்தக் குறிப்பிலேயே காரணமும் சொல்லியிருக்கிறார்கள்.